மெயில் காரும் கறள் பிடித்த கதவும்

கதவு அசையவில்லை.

என் கணவர் தோளைக் கொடுத்துத் தள்ளினார். காலால் உதைத்தார். நான் பார்த்துக்கொண்டு நிற்பது தெரிந்ததும் உள்ளங்கையால் மெல்லத் தட்டித் தயவாகவும் கேட்டுப் பார்த்தார். எதற்கும் அது மசியவில்லை. கொட்டகைக்குள்ளே தபால் ஏற்றுகிற மெயில் கார் நின்றது. வெளியே நாங்கள் இருவரும் நின்றோம். நடுவில் இரண்டு பக்கமாகத் திறக்கிற தகரக் கதவு. கடல்பக்கத்துக் கதவு இழுத்ததும் திறந்துவிட்டது. வாவிப்பக்கத்துக் கதவுதான் அதைச் சுவரில் தாங்குகிற பிணைச்சல் இரண்டிலும் துருவேறிக் கறள் பிடித்து, சுவரோடு சுவராக இறுகிப்போய் நின்றது.

கிழக்கு வெளுத்துவிட்டது.

"அலவாங்க எடுத்துட்டு வா" என்றார்.

எடுத்துக்கொண்டு போனேன். பிணைச்சலுக்குக் கீழே அந்த இரும்புப் பாரையை விட்டு நெம்பினார். தெருவால் போன மீன்காரர் இரண்டு பேர் கூடையை இறக்கி வைத்துவிட்டு வந்து கைகொடுத்தார்கள். தகரம் முனகியது. கறள் பொடிப்பொடியாக அவருடைய வெள்ளைச் சட்டையில் கொட்டியது. கதவு பாதி திறந்த நேரம் பார்த்து, வாவிக்கு அப்பால் ரயில் கூவியது.

அந்தச் சத்தம் கேட்டதும் அவர் அலவாங்கைக் கீழே போட்டுவிட்டார். ரயில் வரும்போது மெயில் கார் ஸ்டேஷன் வாசலில் நிற்க வேண்டும் என்பது எங்கள் தபால் ஒப்பந்தத்தின், ஊர்ப் பேச்சில் கொந்தராத்தின், முதல் நிபந்தனை. மூன்று தரம் பிந்தினால் கொந்தராத்து வேறு ஆளுக்குப் போகும் என்பது கடைசி நிபந்தனை. அன்று பிந்தியது இரண்டாவது தரம்.

இந்தக் கதையில் நான்தான் வெல்கிறேன் என்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன். போன வாரங்களில் அம்மை, வெள்ளம், மாடு செத்தது என்று எழுதி வாசகர்களை அழவைத்துவிட்டேனாம். பத்திரிகை ஆசிரியர் கடிதம் போட்டிருக்கிறார். இந்த வாரம் யாரும் அழ வேண்டியதில்லை. சிரித்தால் என்னைப் பார்த்தும் கொஞ்சம் சிரிக்க வேண்டியிருக்கும், அதற்கு நான் ஆயத்தம்.

வீடு என்னுடையது, கார் அவருடையது

எங்கள் பக்கத்தில் கலியாணம் முடிந்தால் பெண் எங்கும் போவதில்லை. வீடும் வளவும் பெண்ணுக்குச் சீதனம். மாப்பிள்ளைதான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து சேருவார். இவரும் அப்படித்தான் ஒரு தகரப் பெட்டியோடு வந்தார். கார் பிறகு வந்தது.

மலைநாட்டில் தோட்டம் பார்த்த ஒரு துரை ஊருக்குப் போகும்போது விற்ற கார் அது. கோப்பி நிறம், மேலே மடக்குகிற கன்வஸ் கூரை. கல்லடிப் பாலம் கட்டிச் சில வருசம்தான் ஆகியிருந்தது. அதற்கு முன்பு பட்டணத்துக்குப் போகிறவர்கள் தோணித்துறையில் காத்துக் கிடப்பார்கள். பாலம் வந்ததும், விடிய வெள்ளனத் தபால் பைகளை ஸ்டேஷனில் ஏற்றித் தெற்கே தேற்றாத்தீவுக்கும் அதற்கு அப்பாலும் கொண்டுபோய்க் கொடுக்கக் கார் வேண்டும் என்று தபால் கந்தோர் கேட்டது. இவர் எழுதிப் போட்டார். கிடைத்தது.

பூட்டிய கொட்டகைக்குள் கார் நிற்க வேண்டும் என்று கொந்தராத்தில் இருந்தது. கொட்டகை போடுகிற நிலம் என்னுடையது. ஆகையால் என் கையெழுத்தும் வேண்டியிருந்தது. மிஷன் பள்ளியில் எழுதப் பழகியதற்கு அன்றைக்குத்தான் ஒரு மரியாதை கிடைத்தது. பேனையைக் கையில் வாங்கிக்கொண்டு, "எனக்கு முன்சீட்டு வேணும்" என்றேன்.

"என்ன முன்சீட்டு?"

"காரில. ஒரு நாளைக்கு என்னை முன்சீட்டில வெச்சிப் பட்டணத்துக்குக் கூட்டிப்போகணும்."

"ஓம் ஓம், போவம்" என்றார். கையெழுத்து வைத்தேன். அந்த 'ஓம் ஓம்' எப்படிப்பட்டது என்பது கலியாணம் முடித்த பெண்களுக்குத் தெரியும். முன்சீட்டில் தலைமை வாத்தியார் ஏறினார். வழக்குப் பேசக் கோட்டுக்குப் போகிற பெரிய வயல்காரப் போடியார்மார் ஏறினார்கள். நான் இரண்டு தரம் பின்னால் ஏறினேன். இரண்டு தரமும் ஒரு பக்கம் தபால் பை, மறுபக்கம் கருவாட்டுச் சாக்கு.

வீடு என்னுடையது, கார் அவருடையது. கொட்டகைக் கதவு யாருடையது என்பதைத்தான் நாங்கள் பேசி வைத்துக்கொள்ளவில்லை. கார் நிற்கிற இடம், ஆகவே அவர் பார்ப்பார் என்று நான் இருந்தேன். என் வளவில் நிற்கிற சாமான், ஆகவே நான் பார்ப்பேன் என்று அவர் இருந்தார். இரண்டு பேரும் பார்க்காத கதவைக் காற்று பார்த்துக்கொண்டது.

எங்கள் காற்று

எங்கள் வீட்டு முற்றத்தில் நின்றால் கிழக்கே கடல் இரைவது கேட்கும். மேற்கே பெரிய தெரு, அதைத் தாண்டினால் வாவி. இரண்டுக்கும் நடுவே ஒரு துண்டு மணல் நிலம், அதில் எங்கள் ஊர். கொண்டல் காற்று அடிக்கிற நாளில் உதட்டை நக்கினால் கரிக்கும். கழுவிக் காயவைத்த சீலையும் பொழுதுபட்டால் பிசுபிசுக்கும்.

இரும்பு எங்களிடம் நிலைக்காது. கத்தரிக்கோல் வாய் திறக்காது. அரிவாளைச் சொருகி வைத்தால் இழுக்க ஆள் வேண்டும். தையல் ஊசியை மட்டும் நான் பாதுகாத்து வைத்திருந்தேன். வெல்லாவெளிப் பக்கத்திலிருந்து தேன் கொண்டுவருகிறவரிடம் கொஞ்சம் தேன்மெழுகு வாங்கி, உருண்டை பிடித்து, ஊசிகளை அதில் குத்தி வைப்பேன். எங்கள் ஊர்ப் பெண்கள் எல்லாரும் அப்படித்தான் வைப்பார்கள். வருசக்கணக்கில் கிடந்தாலும் ஊசி பளபளவென்று வரும். அதைத் தினமும் கண்ணால் பார்த்துக்கொண்டு, கதவைப் பற்றி மட்டும் எனக்கு யோசனை ஓடாமல் இருந்தது. நினைத்தால் என் மண்டையில் நானே குட்டிக்கொள்ளத் தோன்றுகிறது.

கதவில் வேறொரு வேலைதான் நான் செய்தேன். கொந்தராத்து வந்த கிழமையே ஊர்க்கண் முழுக்க எங்கள் மேல்தான். "மெயில்கார்காரி" என்று எனக்குப் பெயரே வைத்துவிட்டார்கள். அதனால் வெள்ளிக்கிழமைகளில் ஒரு பிடி கல்லுப்பு, மூன்று செத்தல் மிளகாய், எல்லாவற்றையும் மஞ்சள் துணியில் முடிந்து, கண்ணூறு படாமல் கதவில் கட்டினேன். பெரிய தெருவால் வருகிறவர்களுக்கு முதலில் தெரிவது வாவிப்பக்கத்துக் கதவு. அதன் மேல் பிணைச்சலில் கட்டினால்தான் நாலு பேர் கண்ணில் படும். கிழமைக்குக் கிழமை பழையதை எடுத்துவிட்டுப் புதியது கட்டுவேன்.

அவர் மிஷன் பள்ளியில் இங்கிலீசு படித்தவர். இந்த மாதிரிக் காரியங்கள் அவருக்குப் பகிடி. காரில் ஏறுகிறவர்களிடம் அந்தப் பொட்டலத்தைக் காட்டி, "எங்கட வீட்டு இன்சூரன்ஸ் கம்பெனி" என்பார். எல்லாரும் சிரிப்பார்கள். நான் உள்ளே இருந்து கேட்டுக்கொண்டிருப்பேன்.

பச்சைப் பூச்சு

முதல் தரம் கதவு இறுகியது ஆடி மாதத்தில். பத்து நிமிடம்தான் பிந்தியது. அவர் பட்டணத்தில் பச்சை பெயின்ட் வாங்கி வந்து கறளுக்கு மேலேயே பூசினார். "சுரண்டிப்போட்டுப் பூசுங்க" என்றேன். "பாலத்தில வேலை செய்யிறவங்க சுரண்டிப்போட்டுத்தானே பூசுறாங்க."

"பாலம் கட்டினது இங்கிலீசுக்காரன். கதவு போட்டது நான்" என்றார். அதற்கு என்ன அர்த்தம் என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

பிணைச்சலுக்குள் தேங்காயெண்ணெயும் விட்டார். நாலு நாள் நன்றாக இருந்தது. பிறகு காற்றில் வந்த மணல் எண்ணெயில் ஒட்டி, களி மாதிரித் திரண்டு, முன்பிருந்ததைவிட மோசமாகிவிட்டது.

அந்த நாட்களில்தான் வேலாப்போடியாரின் மனைவி நல்லம்மா எங்கள் வீட்டுக்கு வந்தாள். எனக்கு முறைக்கு மச்சாள். போடியாருக்கு வெல்லாவெளிப் பக்கம் வட்டை வட்டையாக வயல். நாங்கள் ஒரு தரம் பிந்தியது காதில் விழுந்ததும், அடுத்த கொந்தராத்து தனக்குத்தான் என்று அவர் ஒரு வான் வாங்கி, கொட்டகையும் போட்டு, கதவும் மாட்டிவிட்டார். நல்லம்மா வந்தது சும்மா பேசிப்போக என்றாள். கண் கதவிலேயே இருந்தது.

"அதென்ன மச்சாள் தொங்குது?"

பெருமையோடு சொன்னேன். உப்பு எவ்வளவு, மிளகாய் எத்தனை, எந்தக் கிழமை எல்லாம் சொன்னேன்.

"ஒரு பிடி காணுமா, போதுமா?"

"எங்களுக்கு ஒரு பிடி காணும். உங்கட வானுக்கு ரெண்டு பிடியாச்சும் வைக்கணும் மச்சாள், உங்கள்ல ஊர்க்கண் கூட."

மனதாரத்தான் சொன்னேன். கொஞ்சம் குத்தலும் இருந்தது, அதை மறைக்கவில்லை.

பிறகு அந்த இரண்டாவது காலை வந்தது. அலவாங்கோடு நான் தொடங்கிய காலை. அடுத்த நாளே தபால் கந்தோர்ப் பெரியவர் நேரில் வந்தார். கதவைக் குடை நுனியால் ஒரு தட்டுத் தட்டினார். பச்சைப் பூச்சு அப்பளம் மாதிரி உரிந்து அவருடைய சப்பாத்தில் விழுந்தது.

"இன்னுமொரு தரம் பிந்தினா நான் மேலுக்கு எழுத வேண்டிவரும்" என்றார். "போடியார்ட வான் ஆயத்தமா நிக்குது. மழைகாலம் தொடங்கினாப் பிறகு அவரையும் ஸ்டேஷனுக்கு வரச்சொல்லி இரிக்கன். நீங்க வராட்டி, பை அண்டைக்கே அவர்ட கைக்குப் போகும்."

அவர் போனதும் எங்களுக்குள் சண்டை தொடங்கியது.

"உன்ட வளவுக் காத்துதான் என்ட கதவத் தின்னுது" என்றார் இவர்.

"என்ட வளவில எங்கட அம்மாட காலத்தில இருந்து காத்து வீசுது. நேத்து வந்த தகரத்துக்கு அது ஒத்துவராட்டி நான் என்ன செய்யிற?"

"அப்ப கதவ நீயே பாத்துக்க."

"பாக்கிறன். மழை முடியுமட்டும் கதவு பிந்தாமத் திறந்தா முன்சீட்டு எனக்கு."

"கதவுக்கும் முன்சீட்டுக்கும் என்ன?"

"கதவு திறந்தாத்தானே சீட்டு வெளிய வரும்."

அவர் தலையைச் சொறிந்துகொண்டு வெளியே போனார். அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன்.

ஆதங்காக்காவின் கடையில்

அந்தப் பிணைச்சல்களைக் காத்தான்குடியில் இரும்புச் சாமான் விற்கிற ஆதங்காக்காவிடம்தான் வாங்கியிருந்தோம். சண்டை போடவென்றே அவரிடம் போனேன். நெசவுக்காரர் வீதியால் நடக்கும்போது என்ன பேசுவது என்று மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டேன். கடைக்குள் ஏறியதும் எல்லாவற்றையும் கொட்டினேன். அவர் கோபப்படவில்லை. தேத்தண்ணி சொன்னார்.

"புள்ள, இதே பிணைச்சல் பள்ளிவாசல் கேற்றில இரிக்கி. கடல் அதுக்குக் கிட்ட. இன்னும் நல்லாத்தானே கிறுகித் திறக்குது" என்றார். "உங்கட கதவில எந்தப் பக்கம் இறுகுது, கடல்பக்கமா?"

"இல்ல காக்கா. வாவிப்பக்கம்."

"அதெப்பிடி? காத்து வாறது கடல்ல இருந்து. அந்தப் பக்கம்தானே முதல்ல போகணும்."

எனக்கும் அப்போதுதான் அது உறைத்தது. கடல்பக்கத்துக் கதவிலும் கறள் இருந்தது, ஆனால் அது ஒரு நாளும் இறுகியதில்லை.

அவர் ஆணிப் பெட்டிகளை எடுத்து அடுக்கிக்கொண்டே பேசினார். "எங்கட வாப்பா காலத்தில ஒருக்கா இஞ்ச உப்புச் சாக்கு இறக்கினம். பக்கத்தில ஆணிப் பெட்டி. ஒரு மாரிதான், எல்லாம் கட்டியாப் போயிட்டு. உப்பு ஈரத்த இழுக்கும், இழுத்துக் கசியும். அதுக்குப் புறகு உப்பையும் இரும்பையும் ஒரு கூரைக்குக் கீழ வைக்கிறல்ல."

தேத்தண்ணிக் கோப்பையை வைத்துவிட்டேன். என் கண் முன்னால் வாவிப்பக்கத்துக் கதவு வந்து நின்றது. மேல் பிணைச்சலில் மஞ்சள் துணி, அதன் அடியில் எப்போதும் ஒரு ஈரம், அங்கிருந்து கீழ்ப் பிணைச்சல் வரைக்கும் இறங்குகிற சிவப்புக் கோடு. அந்தக் கோட்டை நான் எத்தனையோ வெள்ளிக்கிழமை பார்த்திருக்கிறேன். மிளகாய்ச் சாயம் என்று நினைத்தேன்.

"என்ன புள்ள, தேத்தண்ணி நல்லமில்லியா?" என்றார்.

"நல்லம் காக்கா. பிணைச்சலும் நல்லம்" என்றேன். வந்த வேகத்தில் எழும்பிவிட்டேன்.

வழி முழுக்க எனக்கு முகம் சுட்டது. மாதக்கணக்காகத் தகரத்தை ஏசினேன், அவரை ஏசினேன், ஆதங்காக்காவை ஏசக் கிளம்பினேன். கடல் காற்று தூரத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக அனுப்பியதை நான் கிழமைக்கு ஒரு பிடியாகக் கையோடு கொண்டுபோய்க் கட்டியிருக்கிறேன்.

அவரிடம் சொன்னேனா என்று கேட்காதீர்கள். அந்த மனிதர் அதைக் காரில் ஏறுகிற ஒவ்வொருவருக்கும் சொல்லியிருப்பார்.

மெழுகுப் பேணி

அடுத்த நாள் அவர் தபாலோடு போனதும் சீலையைச் செருகிக்கொண்டு இறங்கினேன். முதலில் பொட்டலத்தை அவிழ்த்து எறிந்தேன். நாலு பிணைச்சலிலும் மண்ணெண்ணெய் விட்டு, துணி சுற்றி, மூன்று நாள் ஊறவிட்டேன். ஊறியதும் ஆசாரியைக் கூப்பிட்டுக் கதவைக் கழற்றச் சொன்னேன். காரைச் சாக்குப் போட்டு மூடி, அன்றைக்கு மட்டும் அதை நானே காவல் காத்தேன்.

தேங்காய்த் தும்பும் மணலும் வைத்துப் பச்சைப் பூச்சை எல்லாம் தேய்த்து எடுத்தேன். குத்துவிளக்கு விளக்குகிற மாதிரிப் பழப்புளி கரைத்துப் பூசி, கறள் போகும்வரை தேய்த்தேன். எங்கள் வளவுக் கிணற்றுத் தண்ணீர் கொஞ்சம் கரிக்கும். குடிக்க நான் அதை எடுப்பதில்லை. கதவுக்கும் எடுக்கவில்லை. கோயில் கிணற்றிலிருந்து நல்ல தண்ணீர் சுமந்து வந்து கழுவினேன். வழியில் கண்டவர்கள் என்ன விசேசம் என்று கேட்டார்கள். கதவுக்கு முழுக்கு என்றேன். எனக்குப் பேய்க்காற்றுப் பிடித்துவிட்டது என்று பேசிக்கொண்டார்களாம்.

கதவின் உட்புறத்தைத் தேய்க்கும்போது இன்னொன்றும் கண்டேன். அதை எடுத்துத் துணியில் சுற்றி என் பெட்டிக்குள் வைத்தேன். அது என்னவென்று இப்போது சொல்லமாட்டேன்.

வெயிலில் கதவு நன்றாகக் காய்ந்த பிறகுதான் முக்கியமான வேலை. ஊசி குத்திய மெழுகுருண்டை நினைவில் இருந்தது. ஊசியைக் காக்கிற மெழுகு பிணைச்சலைக் காக்காதா? தேன்காரர் கொண்டுவந்த மெழுகு முழுவதையும் வாங்கினேன். மெழுகு தனியாக என்றால் வெடித்துக் கொட்டும், எண்ணெய் தனியாக என்றால் வழிந்துவிடும். காரிலிருந்து வடித்து ஊற்றுகிற கறுப்பு ஒயிலைச் சீலையில் வடிகட்டி, மெழுகு ஒன்றுக்கு ஒயில் மூன்று என்று கலந்து, ஒரு பழைய தகரப் பேணியில் தணலில் வைத்து உருக்கினேன். குசினி முழுக்க மோட்டார் மணமும் தேன் மணமும் கலந்து அடித்தது. எனக்கு அந்த மணம் பிடித்திருந்தது, இப்போதும் பிடிக்கும்.

சூடு ஆறுமுன் பிணைச்சல், அதற்குள் ஓடுகிற ஊசி, தாழ்ப்பாள், ஆமைப்பூட்டின் வாய், தகரத்தின் விளிம்பு என்று ஒன்றையும் விடாமல் பூசினேன். சூட்டில் அது சந்துபொந்தெல்லாம் இறங்கும், ஆறியதும் உறைந்து நிற்கும். ஈரம் மேலே பட்டால் முத்துமுத்தாக உருண்டு ஓடும். மணலும் ஒட்டவில்லை.

அன்றிலிருந்து வெள்ளிக்கிழமைதோறும் உப்புக்குப் பதிலாகக் கதவுக்கு முழுக்கு. நல்ல தண்ணீரால் கழுவி, துடைத்துக் காயவிட்டு, பேணியைச் சூடாக்கி ஒரு கை பூசுவேன். அவர் சாய்மனைக் கதிரையில் இருந்து பார்த்தார்.

"எங்க உன்ட இன்சூரன்ஸ் கம்பெனி? காணல்ல" என்றார் ஒரு நாள்.

"மூடிட்டாங்க" என்றேன்.

அவர் முகத்தில் ஏதோ ஓடியது. எழும்பிப் போய்விட்டார். அப்போது எனக்குச் சிரிப்பு வந்ததை அடக்கிக்கொண்டேன்.

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். நல்லம்மாவுக்கு நான் ஆள் அனுப்பியிருக்கலாம், உப்பை அவிழ்த்துவிடு என்று. அனுப்பவில்லை. எங்கள் சோற்றில் கைவைக்க வந்தவர்களுக்கு என்னத்துக்கு என்று இருந்துவிட்டேன். அப்போது எனக்கு அப்படித்தான் இருந்தது.

வாடை

கார்த்திகையில் வாடை தொடங்கியது. ஏழு நாள் விடாமல் மழை. கடல் எழும்பி எழும்பி அடித்து, அதன் தூவானம் எங்கள் முற்றம் வரைக்கும் வந்தது. சுவரைத் தொட்டால் கை கரித்தது. இரண்டு நாள் பாலத்துப் பக்கம் வெள்ளம் என்று தபாலே ஓடவில்லை. கார் கொட்டகைக்குள்ளேயே நின்றது. ஓடாத நாட்களில்தான் கதவு இறுகும் என்பது எங்களுக்குத் தெரிந்த சங்கதி.

எட்டாம் நாள் வெள்ளாப்பில் மழை விட்டது. வானம் ஈயம் மாதிரி இருந்தது. அவர் தொப்பியும் கோட்டும் போட்டுக்கொண்டு வந்தார். ஒரு கையில் பூட்டுத் திறப்பு, மறுகையில் அலவாங்கு.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"அத இஞ்ச தாங்க" என்று அலவாங்கைப் பிடுங்கி மணலில் போட்டேன். திறப்பையும் நானே வாங்கிக்கொண்டேன். பூட்டு ஒரே திருப்பில் வாயைத் திறந்தது. தாழ்ப்பாள் வழுக்கிக்கொண்டு வந்தது. வாவிப்பக்கத்துக் கதவுக்கு முன்னால் போய் நின்றேன். இந்தக் கதவு போனால் கொந்தராத்து போகும், கொந்தராத்து போனால் காரை விற்க வேண்டும், அவர் மறுபடியும் அந்தத் தகரப் பெட்டியோடு வந்த மனிதராகிவிடுவார். அது எனக்குத் தாங்காது.

ஒரு விரலை நீட்டினேன். சுட்டுவிரல். இழுத்தேன்.

கதவு வந்தது. சத்தமே இல்லை. சுவர் வரைக்கும் போய், அங்கே மெல்லத் தட்டி நின்றது.

அவர் கதவைப் பார்த்தார். என் விரலைப் பார்த்தார். கதவை மூடி, தானும் ஒரு விரலால் இழுத்துப் பார்த்தார். மறுபடியும் மூடப் போனார்.

"ஸ்டேஷனுக்குப் போங்க மனிசா, சுறுக்கா" என்றேன்.

கார் போனது. நான் முற்றத்தில் நின்றேன். அடுப்பு மூட்டவில்லை, முகம் கழுவவில்லை. கனநேரம் கழித்துத்தான் வாவிக்கு அப்பால் ரயில் கூவியது. அதற்குள் கார் ஸ்டேஷன் வாசலுக்குப் போயிருக்கும் என்று எனக்குத் தெரியும். அந்தக் கூவலைக் கேட்டு என் வாழ்நாளில் அன்றைக்குத்தான் சந்தோசப்பட்டேன். வாய்விட்டுச் சிரித்தேன். தெருவால் போன மீன்காரர், அலவாங்கு பிடிக்க வந்த அதே ஆள், "என்ன அக்கா?" என்றார். "கதவு திறந்திட்டு தம்பி" என்றேன்.

பகல் அவர் திரும்பி வந்து சொன்னார். பெரியவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தாராம், பிறகு போடியாரின் வானைத் தேடினாராம். வான் வரவில்லை. கொட்டகையைவிட்டு வெளியே எடுக்க முடியவில்லையாம். இரண்டு கதவும் இறுகிவிட்டதாம்.

இரண்டு பிடி

அதைக் கேட்டதும் எனக்கு இன்னும் கொஞ்சம் சிரிக்கத்தான் தோன்றியது. சிரித்தேன். பிறகு மெழுகுப் பேணியையும் மண்ணெண்ணெய்ப் போத்தலையும் எடுத்துக்கொண்டு போடியார் வீட்டுக்குப் போனேன்.

அங்கே நாலு பேர் அலவாங்கோடு நின்றார்கள். போடியார் ஒருவரையும் பார்க்காமல் வேலியைப் பார்த்துக்கொண்டு நின்றார். கதவின் இரண்டு பக்கத்திலும் மஞ்சள் பொட்டலம் தொங்கியது. ஒவ்வொன்றும் தேங்காய் அளவு.

"நீங்க சொன்னபடிதான் கட்டினன் மச்சாள்" என்றாள் நல்லம்மா. அவளுக்கு அழுகை வந்துவிட்டது. "ரெண்டு பிடி காணாதெண்டு நாலு பிடி வெச்சன்."

"முதல்ல அத அவிழுங்க மச்சாள். உப்புத்தான் கதவத் தின்னுது. என்ட கதவையும் அதுதான் தின்னது. எனக்கு முதலே தெரியும், கோவத்தில சொல்லாம இருந்திட்டன்."

அவள் ஒரு பொட்டலத்தை இழுத்து அவிழ்த்தாள். ஏசுவாள் என்று எதிர்பார்த்தேன். "அந்த மண்ணெண்ணெய எங்க ஊத்துற, பிணைச்சல்லயா?" என்று கேட்டாள். இரண்டு பேரும் சேர்ந்து பொழுதுபடும்வரை வேலை செய்தோம். கொந்தராத்து எங்களிடமே இருந்தது. போடியாரின் வான் நெல் ஏற்றப் போனது. அடுத்த மாரிக்குள் பாலத்திலிருந்து தெற்கே கார், வான் வைத்திருந்த வீடுகளுக்கெல்லாம் என் மெழுகு போனது. ஆதங்காக்கா கடையிலும் பேணி பேணியாக வைத்தார். "மெயில்கார் மெழுகு" என்றுதான் கேட்டு வாங்குவார்கள்.

முன்சீட்டு

மழை முடிந்து தை பிறந்ததும் ஒரு வெள்ளனவில், நல்ல சீலை உடுத்துக்கொண்டு போய் முன்சீட்டில் ஏறி இருந்தேன். தெருவில் தலைமை வாத்தியார் கையைக் காட்டினார். "வாத்தியார், பின்னுக்கு ஏறுங்க" என்றார் இவர். அந்த வார்த்தைக்காக அவருக்கு நான் எத்தனையோ மன்னித்திருக்கிறேன். வாத்தியார் வழியில் பள்ளிக்கூடத்தடியில் இறங்கிக்கொண்டார்.

கல்லடிப் பாலத்தில் ஏறினோம். பாலம் ஒடுக்கம், ஒரு கார்தான் போகும், நடுவில் நிறுத்த முடியாது. அந்த இடத்துக்காகத்தான் இத்தனை மாதம் நான் பொறுத்திருந்தேன்.

"உங்களுக்கு ஒண்டு சொல்லணும்" என்றேன். "கதவு இறுகினது காத்தால மட்டுமில்ல. நான் கட்டின உப்பாலதான்."

அவர் வாய் விரிந்தது. அந்தச் சிரிப்பு வெளியே வருமுன் மடியிலிருந்து நான் வைத்திருந்ததை எடுத்து அவருக்கு முன்னால் நீட்டினேன். கதவின் உட்புறம், கீழ்ப் பிணைச்சலுக்குப் பக்கத்துச் சந்துக்குள் இருந்து எடுத்தது. ஒரு பிடி கல்லுப்பு. மூன்று செத்தல் மிளகாய். ஒரு கந்தைத் துணியில் பொதிந்து, தபால் பை கட்டுகிற சணல் நூலால், தபால் பைக்குப் போடுகிற முடிச்சைப் போட்டுக் கட்டியிருந்தது.

"வெளிய கட்டினது நான்" என்றேன். "உள்ளுக்குக் கட்டினது ஆரு?"

இங்கிலீசு படித்த மனிதர் நேரே ரோட்டைப் பார்த்தார். முன்னால் ஒரு காக்கை கூட இல்லை, ஆனாலும் ஹோர்னை இரண்டு தரம் அடித்தார்.

"முதல்தரம் பிந்தின அண்டைக்குக் கட்டினது" என்றார் கடைசியில். "அத வாவிக்குள்ள எறி."

எறிந்தேன். உப்பையும் மிளகாயையும் மட்டும்தான் எறிந்தேன். முடிச்சு அவிழாமல் நூலைக் கழற்றி எடுத்துக்கொண்டேன். அது இன்னும் என்னிடம் ஊசி மெழுகோடு கிடக்கிறது. அதற்குப் பிறகு முன்சீட்டில் யார் இருப்பது என்ற பேச்சு எங்கள் வீட்டில் வந்ததே இல்லை.